கேட்காமல் கட்டிய சுவருக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: கணவர் காலமான பிறகு சென்னையில் மகனோடு இருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கிராமத்து வீடு பூட்டியே கிடக்கிறது. பொங்கலுக்குப் போனபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த கிளுவை வேலியைக் காணோம். அங்கே பக்கத்து வீட்டுத் தம்பி 60 அடி நீளத்துக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்பியிருக்கிறார். எங்கள் பக்கம் நின்ற பூவரசையும் வெட்டிவிட்டார். “பாம்பு வருதுன்னுதான் அக்கா கட்டினேன், உங்களுக்கும் பாதுகாப்புதானே” என்று சொல்லி, செலவில் பாதி 70,000 ரூபாய் கேட்கிறார். சுவர் எங்கள் பக்கம் தள்ளி வந்திருப்பதாகவும் தோன்றுகிறது. ஆனால், இத்தனை காலம் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: அம்மா, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். ‘பாதியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நான் திருச்சியில் சிவில் வழக்குகள் நடத்துகிறவள். அப்படிக் கொடுத்த பணம் பிறகு என்ன பாடு படுத்தும் என்று பார்த்திருக்கிறேன். நாளைக்கு அளந்து பார்த்து, சுவர் உங்கள் மனைக்குள் வந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால், ‘அக்கா சம்மதித்துத்தானே பாதிச் செலவு கொடுத்தார்கள்’ என்பதுதான் அவருடைய முதல் வாதமாக இருக்கும்.

அவர் பக்கம் பேசுகிறவர்கள் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவைக் காட்டலாம். ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. இதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் அடுத்தவர் வாசலில் வேலை செய்துவிட்டுக் கைநீட்ட முடியாது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: செய்த வேலையை ஏற்பதும் மறுப்பதும் அடுத்தவர் விருப்பம், அவர் ஏற்கவில்லை என்றால் அந்தப் பிரிவு வராது. அந்த வழக்கில் ஒப்பந்ததாரர் கட்டிக் கொடுத்த கிடங்குகளை அரசு ஏற்றுக்கொண்டு பயன்படுத்தியது. அதனால்தான் பணம் கொடுக்க வேண்டி வந்தது.

ஆகவே, உங்கள் மறுப்பு உடனே எழுத்தில் போக வேண்டும். வாய்ச்சொல் போதாது. சண்டைக்கடிதமும் வேண்டாம். ‘தம்பி, என்னைக் கேட்காமல் வேலியை எடுத்து, மரத்தை வெட்டி, சுவர் கட்டியிருக்கிறீர்கள். இதற்கு நான் சம்மதம் தரவில்லை. செலவில் பங்கு தருவதாகவும் சொல்லவில்லை. நிலத்தை அளந்த பிறகு பேசுவோம்.’ இவ்வளவுதான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சுவரில் நீங்கள் கேட் மாட்டுவதோ கொட்டகை சாய்த்து இறக்குவதோ வேண்டாம்; பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அப்புறம் அளவை. நில அளவைக்குப் பணம் கட்டி, தாலுகா நில அளவர் வந்து எல்லை காட்டும்படி மனு கொடுங்கள். ஊருக்குள் இருக்கும் மனை என்பதால் பெரும்பாலும் நத்தம் பட்டாவாக இருக்கும். பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். அளக்கிற அன்று அவரும் அங்கே நிற்க வேண்டும். அவர் இல்லாமல் அளந்தால், அந்த அளவை அவர் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிளுவையை வெட்டினாலும் அடிக்கட்டை மண்ணுக்குள் கிடக்கும். மழை பெய்தால் துளிர்க்கவும் செய்யும். பழைய வேலி எந்த வரிசையில் போனது என்பதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி அதுதான். அவர் மண்ணடித்து மட்டப்படுத்துவதற்குள், டேப் வைத்துச் சுவரிலிருந்து தூரம் தெரியும்படி படம் எடுங்கள். பூவரசின் அடிமரத்தையும் எடுங்கள். மரம் உங்கள் மனையில் நின்றிருந்தால் அதன் விலையைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டை எங்கே போனது என்றும் கேளுங்கள்.

சுவர் முழுக்க அவர் நிலத்தில் இருந்தால் அது அவர் சுவர், அவர் செலவு. சரியாக எல்லையில் இருந்து, உங்களுக்கும் அது வேண்டும் என்று தோன்றினால், ஒரு நியாயமான தொகை பேசி, பொதுச் சுவர் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். உங்கள் மனைக்குள் வந்திருந்தால், அகற்றக் கோரி வழக்குப் போடலாம். ஆள் வைத்து நீங்களே இடிக்க வேண்டாம். தெரிந்தும் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டால், இடிக்கச் சொல்ல நீதிமன்றம் தயங்கும். 12 வருடம் போனால் நிலமே கைவிட்டுப் போகிற ஆபத்து இருக்கிறது.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே அவரை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமானால் அது தீர்ப்புக்குச் சமம். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டது உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. அதற்கு மனசார நன்றி சொல்லுங்கள், வேட்டி துணி எடுத்துக் கொடுங்கள். அது வேறு கணக்கு. அந்த நன்றியை நிலத்தால் அடைக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

கேள்வி: நாலு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு தூர்ந்துவிட்டது. யாரும் முன்வராததால் நானே தூர் வாரி, சரிந்த பக்கத்தைக் கட்டினேன். இப்போது எல்லோரும் மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். பங்கு கேட்டால் ‘உன்னை யார் செய்யச் சொன்னது’ என்கிறார்கள்.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் விஷயம் மேலே இருப்பதற்கு நேர் எதிர். கிணற்றில் உங்களுக்கும் உரிமை உண்டு, வேலை அவசியமானது, தண்ணீரை அவர்கள் விரும்பித்தான் எடுக்கிறார்கள். அரசு கிராமங்களுக்கும் ஜமீன் கிராமங்களுக்கும் பாய்ந்த ஓர் ஏரியை அரசு செப்பனிட்டபோது, ஜமீன்தார்களும் பங்கு தர வேண்டும் என்று இதே 70-ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் 1894-இலேயே சொல்லியிருக்கிறது. கூலி, ஜல்லி, சிமெண்ட் பில்களைச் சேர்த்து, நாலில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அப்படியும் தராவிட்டால், வேலை முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.