வகுப்பறை வலைப்பதிவு: தளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியவை

கேள்வி: ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். வகுப்பில் 38 மாணவர்கள். அவர்களுடைய கட்டுரைகளையும் செய்முறைக் குறிப்புகளையும் வெளியிட ஒரு வலைப்பதிவு தொடங்க விரும்புகிறேன். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டில் எது ஏற்றது? மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வேண்டுமா?

பதில்: எந்தத் தளம் என்ற கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் வெளியிடலாம், யார் படிக்கலாம் என்ற இரண்டையும் முடிவுசெய்துவிட்டால் தளத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

முதலில் தனிக்கணக்கைப் பற்றி. ஏழாம் வகுப்பு மாணவர்களில் பலருக்கு 12 வயதுதான் ஆகியிருக்கும். ஒருவர் தம் கூகுள் கணக்கைத் தாமே நிர்வகிப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். சில நாடுகளில் வரம்பு இன்னும் அதிகம். பிளாகரில் எழுத கூகுள் கணக்கு தேவை என்பதால், "எல்லாரும் ஒரு கணக்குத் தொடங்கி வாருங்கள்" என்று வகுப்பில் சொன்னால், பாதிப் பேர் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டு வருவார்கள், அதுவும் ஆசிரியர் சொன்னதற்காக. ஆகவே முதல் ஆண்டில் கணக்கு உங்களுடையது ஒன்று மட்டும் போதும். மாணவர்கள் நோட்டிலோ வகுப்புக் கணினியிலோ எழுதட்டும். பதிவேற்றுவது நீங்களாக இருங்கள்.

மாணவர்களே உள்நுழைந்து எழுத வேண்டும் என்ற கட்டம் வரும்போது வேர்ட்பிரஸ் வகையே வசதி. அதில் பயனர்களுக்குப் படிநிலைகள் உண்டு. 'பங்களிப்பாளர்' என்ற நிலையில் சேர்க்கப்பட்டவர் எழுதலாம், சேமிக்கலாம், பார்வைக்கு அனுப்பலாம், ஆனால் வெளியிட முடியாது. வெளியிடும் பொத்தான் நிர்வாகியிடமோ தொகுப்பாளரிடமோதான் இருக்கும். வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: இயல்பான அமைப்பில் பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், படம் ஏறவில்லை என்பதற்காக மாணவர்களை அடுத்த நிலையான 'எழுத்தாளர்' நிலைக்கு உயர்த்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. அந்த நிலையில் மாணவர் எழுதியது உங்கள் கண்ணில் படாமலே வெளியாகிவிடும். கல்விக்கென்றே 2005 முதல் இயங்கிவரும் எடுபிளாக்ஸ் தளமும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் மீது கட்டப்பட்டதுதான். சொந்தமாகச் சர்வர் இடம் வாங்கி வேர்ட்பிரஸை நிறுவுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மாதந்தோறும் அதைப் புதுப்பித்துப் பராமரிப்பது பாடம் நடத்துபவரின் வேலை அல்ல.

அடுத்து, யார் படிக்கலாம் என்பது. உலகம் முழுவதற்கும் திறந்துவைப்பதா, பெற்றோருக்கு மட்டுமா என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசி எழுத்தில் முடிவுசெய்யுங்கள். பிளாகரில் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம். ஆனால் அவர்கள் கூகுள் கணக்கு வழியாக உள்நுழைய வேண்டியிருக்கும். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பதிவுக்கும் கடவுச்சொல் இடலாம். அப்போதும் பதிவின் தலைப்பு எல்லாருக்கும் தெரியும் என்பதால் மாணவர் பெயரைத் தலைப்பில் வைக்கக் கூடாது. தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம் என்ற தெரிவு வெறும் வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

திறந்த பதிவானால் மாணவர் பெயரின் முதலெழுத்தோ புனைபெயரோ போதும். புனைபெயரை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அதில் அவர்கள் காட்டும் அக்கறை கட்டுரையிலும் வரும். ஒப்புதல் கடிதத்தில் எழுத்து, ஓவியம், முகம் தெரியும் படம், குரல் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் பெற்றோரின் கையொப்பம் பெறுவது நல்லது, ஏனெனில் கட்டுரைக்குச் சம்மதிக்கும் பெற்றோர் படத்துக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். பெற்றோர் சம்மதித்தும் மாணவர் வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள்.

படங்களில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அறிவியல் மாதிரி ஒன்றை மட்டும் படம் எடுத்ததாக நினைப்போம். அதன் பின்னால் சுவரில் பிறந்தநாள் அட்டவணை தொங்கும், அதில் 38 பெயர்களும் தேதிகளும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். நோட்டின் மேலட்டையில் ஒட்டிய பெயர்ச்சீட்டும் அப்படித்தான். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கைபேசிக் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதி இயங்கினால் அந்த விவரமும் படக்கோப்பினுள்ளே ஏறியிருக்கும். அதை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

தமிழில் எழுதுவதால் வரும் ஒரு சிறு சிக்கல்: தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால், வேர்ட்பிரஸில் அந்தப் பதிவின் இணைய முகவரி பகிரும் இடங்களில் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறித் தெரியும், பிளாகரிலோ எல்லாப் பதிவுக்கும் ஏறக்குறைய ஒரே பொதுப்பெயர் அமைந்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே முகவரியை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிடுங்கள்.

இனி, உங்கள் நேரம். 38 பேரும் மாதம் ஒன்று எழுதினால், ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் திருத்த ஒன்பதரை மணி நேரம் ஆகும்; அது இரண்டாம் மாதமே நின்றுபோகும். வாரம் ஐந்து பேர் என்று முறைவைத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும், எட்டு வாரத்தில் எல்லாருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். பிழைகளைச் சுட்டிக்காட்டி மாணவரையே திருத்தச் செய்யுங்கள், ஆனால் வாக்கியங்களை உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். "விதை முளைக்குமா முளைக்காதா என்று எனக்குப் பயமாக இருந்தது" என்று ஒரு மாணவி எழுதியதை "விதை முளைப்பதை உற்றுநோக்கினோம்" என்று மாற்றினால், அடுத்த முறை அவள் உங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவாள்.

பின்னூட்டங்களுக்கு மட்டுறுத்தலை, அதாவது நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே அவை வெளியாகும் ஏற்பாட்டை, முதல் நாளே இயக்கிவிடுங்கள். 'அருமை', 'வாழ்த்துகள்' என்பவை வந்து குவியும். அவற்றைத் தடுக்கத் தேவையில்லை. வகுப்புத் தோழர்கள் எழுதும் பின்னூட்டம் மட்டும் ஒரு கேள்வியோடு முடிய வேண்டும் என்று விதி வையுங்கள். "பத்து விதையில் இரண்டு ஏன் முளைக்கவில்லை?" என்று ஒருவன் கேட்டால், எழுதியவள் மறுபடி தொட்டியைப் போய்ப் பார்ப்பாள்.

ஆண்டு முடிவில் அந்த மாணவர்கள் உங்கள் வகுப்பைக் கடந்து போய்விடுவார்கள். அதற்கு முன் எந்தக் கட்டுரை நீடிக்கலாம், எது நீக்கப்பட வேண்டும் என்று அவர்களைக் கேட்டு, மீதியைப் பிரதி எடுத்து வையுங்கள். இரு தளங்களிலும் பதிவுகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் ஏற்றுமதி வசதி உண்டு. வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்கமாட்டா. ஆகையால் ஏற்றும் ஒவ்வொரு படத்தின் மூலக்கோப்பையும் முதல் வாரத்திலிருந்தே தனியொரு கோப்புறையில் சேர்த்து வாருங்கள்.