ஸ்பிரே கேனை வாங்கும் முன் பிளாஸ்டிக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் வண்டி பாகங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். பிளாஸ்டிக்கில் ஸ்பிரே அடிப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, வீட்டு பிளாஸ்டிக் சேருக்கு நீல ஸ்பிரே அடித்தேன். ஒரே வாரத்தில் நகம் பட்டாலே தோல் மாதிரி உரிகிறது. போலிப் பெயின்டா?

பெயின்ட் மேல் குற்றமில்லை தம்பி. சேரைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணோ, பிபி என்ற எழுத்தோ இருக்கும். அது பாலிபுரொப்பிலீன். எண்ணெய் தேய்த்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் பரவாமல் உருண்டு ஓடுமே, அந்தக் குணம்தான் இதற்கும். எந்தக் கலரும் இதைப் பிடிக்காது, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். சாதாரண பிரைமரும் உதவாது. பெயின்ட் கடையில் ‘அட்ஹீஷன் புரொமோட்டர்’ (கலரைப் பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு) என்று கேளுங்கள், பாலிபுரொப்பிலீனுக்கு ஆகும் என்று கேனில் போட்டிருக்க வேண்டும். உரிவதையெல்லாம் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துக் காயவிட்டு, புரொமோட்டரை மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். அப்புறம் கேனில் சொன்ன நேரத்துக்குள் கலர். அதைத் தாண்டினால் புரொமோட்டர் அடித்ததே வீண்.

சங்கரன்கோவிலிலிருந்து: பொருளில் எழுத்தே இல்லையென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணில் படாத ஓரத்தில் சிறு சீவல் எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், புரொமோட்டர் கட்டாயம். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ், பிவிசி, பாலிஸ்டைரீன் போன்றவை. காரின் பம்பர் மட்டும் ஏமாற்றும். அதில் பவுடர் கலந்திருந்தால் பாலிபுரொப்பிலீனும் மூழ்கும். பம்பரின் உள்பக்க எழுத்தை நம்புங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஸ்கூட்டர் சைடு பேனல் வெளுத்துவிட்டது. என்ன அடிக்கலாம்?

பெரும்பாலும் ஏபிஎஸ்தான், பெயின்டுக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் பிளாஸ்டிக் குறைவு. 600 நம்பரில் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர், மேலே அக்ரிலிக் கலர். பெட்ரோல் சிந்தும் இடமென்றால் ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டும், மற்றது கரைந்துவிடும். ஆனால் 2கே புகை நுரையீரலுக்குப் பெரிய கேடு. துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கவே கூடாது. உரிய மாஸ்க் இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தென்காசியிலிருந்து: சாரல் சமயத்தில் அடித்தேன். பளபளப்பு போய் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

பெயின்டிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அங்கே நீர் படிந்து வெள்ளை பூக்கும். ஜூன், ஜூலையில் குற்றாலக் காற்றடிக்கும் உங்கள் பக்கம், வெயில் தலைகாட்டிய நாளில் முற்பகலில் மட்டும் அடியுங்கள். எங்கள் பக்கம் சித்திரை வெயில் நேர்மாறு. துளி போகிற வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். கேனை ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூட வைத்து, மெல்லிய மூன்று கோட், நடுவே பத்து நிமிடம். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: கொலுவுக்குத் தெர்மாகோல் கோபுரம் செய்தோம் அண்ணாச்சி. தங்கக் கலர் அடித்ததும் குழிகுழியாகக் கரைந்துவிட்டது.

தெர்மாகோல் பாலிஸ்டைரீன் நுரைதான் அம்மா. ஸ்பிரேயிலுள்ள தின்னர் அதைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டைப் பிரஷால் பூசுங்கள். ஸ்பிரே தங்கம்தான் வேண்டுமென்றால் முதலில் இடைவெளியே இல்லாமல் ஃபெவிக்கால் தடவி நன்றாகக் காயவிட்டு, ஒரு துண்டில் அடித்துப் பாருங்கள்.

திசையன்விளையிலிருந்து: ஹெல்மெட்டுக்குக் கறுப்பு அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. பாலிகார்பனேட் ஓட்டில் தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விழுந்து அடிபடும் நேரத்தில்தான் அது தெரியவரும். ஸ்டிக்கர்கூட தயாரித்தவர் அனுமதித்தால் மட்டும் ஒட்டுங்கள்.