காலும் கல்லீரலும்: நடைக்குழுவின் கேள்விகளுக்குச் சில பதில்கள்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் நடக்கும் நம் குழுவினரும் அவர்கள் வீட்டாரும் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. புதுச்சேரியில் 22 ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகளில் செவிலியராக இருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் பாதமும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் கிருமிகளும்தான் என் வேலை. நான் மருத்துவர் அல்ல. மாத்திரை அளவு கேட்ட ஏழு சீட்டுகளை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

முதுநகர் அண்ணன்: ஆறு மாதமாகப் பாதம் மதமதவென்று இருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாவிட்டால் பயமில்லைதானே?

வலி இல்லாததுதான் பயம், அண்ணா. சர்க்கரையால் மரத்த காலில் புண் வந்தாலும் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் 100 பேரில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பாதப் புண் வரும் என்பது ஆய்வுக் கணக்கு. அதில் பலருக்கு அந்தப் புண் எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். உங்கள் ஊர் மீனவர்கள் தங்கூசி என்பார்களே, அது போன்ற நைலான் இழை ஒன்று உண்டு, பெயர் மோனோஃபிலமென்ட். தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வில்லாக வளையும். பெருவிரல் நுனி, அதன் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு என்று பாதத்துக்கு மூன்று இடம். காய்ப்பு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. கண்ணை மூடச் சொல்லி, 'தொடுவது தெரிகிறதா?' என்று கேட்போம். நடுவில் ஒரு முறை தொடாமலேயே கேட்போம். மரியாதைக்காக 'தெரிகிறது அம்மா' என்று சொல்லும் பெரியவர்கள் அங்கேதான் பிடிபடுவார்கள்! இழைக்கும் களைப்பு உண்டு. பத்துப் பேரைப் பார்த்தபின் ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் குறைந்த விசையிலேயே வளைந்து, நல்ல காலையும் மரத்த கால் என்று சொல்லிவிடும்.

வீட்டில் இழை வேண்டாம். அண்ணியைக் கூப்பிடுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, அவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடட்டும். குத்தவோ தட்டவோ வேண்டாம். இரு பாதங்களிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. செலவு ஒன்றுமில்லை.

அதுவரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எம்.சி.ஆர். செருப்புப் போடுங்கள். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் குழுவினர் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகக் கொடுத்த மெத்தென்ற ரப்பர்தான் அது.

நெல்லிக்குப்பம் சார்: இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறேன். நல்லதுதானே?

வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தோடு வந்தவர்களில் பாதிப் பேர் 'வெதுவெதுப்பாகத்தான் இருந்தது' என்றார்கள்.

வில்லியனூர் அக்கா: ஆடியில் தீ மிதிப்பதாக வேண்டுதல். எட்டு வருடமாகச் சர்க்கரை. மிதிக்கலாமா?

அக்கா, வேண்டுதலைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தழலில் நடப்பவரைக் காப்பாற்றுவது வேகம் மட்டுமல்ல, சூடு உறைத்ததும் காலை எடுக்கும் உணர்வும்தான். அது உங்களிடம் இருக்கிறதா என்று தெரியாமல் இறங்காதீர்கள். உங்கள் பிள்ளை உங்களுக்காக இறங்கலாம். பூசாரியிடம் கேளுங்கள், வழி சொல்வார். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லும் இதே கதைதான். வெறுங்கால் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் ஐயா: என் தகப்பனாருக்குக் காமாலை வந்தபோது மூன்று நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள். குணமாகிவிட்டது. ஆங்கில மருத்துவத்தில் இதை ஏன் மறைக்கிறார்கள்?

ஐயா, ஹெபடைட்டிஸ் ஏ, ஈ கிருமிகளால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். மோர் மட்டும் கொடுத்திருந்தாலும் தணிந்திருக்கும்.

அதே ஐயா, மறுநாள்: 'தானாக' என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 1988இல் லான்செட் மருத்துவ இதழிலேயே கீழாநெல்லி வேலை செய்கிறது என்று வந்திருக்கிறதே?

வந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்த ஆய்வு; ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். ஆகவே யாரும் மறைக்கவில்லை. பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். பிறகு சோதித்ததில் 37 பேரில் 22 பேரிடம், கிருமி உடலில் இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் காணவில்லை. வெற்றுத் தூள் பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டும். நானும் அப்போது துள்ளிக் குதித்தேன்.

ஆனால் 37க்கு 23 என்ற எண்களைப் பாருங்கள். இவ்வளவு சிறிய ஆய்வில் இரு பக்கமும் இப்படி ஏறி இறங்கி நின்றால், எங்கள் தொழிலில் முதல் கேள்வி அங்கேதான் எழும்: நடுவில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்? 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள்; ஆன்டிஜென் போகவில்லை. பின்னர் எல்லா ஆய்வுகளையும் தொகுத்த காக்ரேன் குழுவும் நம்பத்தக்க சான்று இல்லை என்றது. ஓர் ஆய்வு கதவைத் தட்டும், ஐயா. திறந்து பார்ப்பது அடுத்தடுத்த ஆய்வுகள்.

பண்ருட்டித் தம்பி: வெளிநாட்டுக்காரர்கள் நம் மூலிகையை மட்டம் தட்டுவது புதிதா?

தட்டியவர்கள் யார், தம்பி? ஆய்வைத் தொடங்கியவர் தமிழர், வெளியிட்டது லண்டன் இதழ், பலிக்கவில்லை என்றது தாய்லாந்து. இதில் வெள்ளைக்காரரைத் தேடினால் கிடைப்பவர் புளூம்பெர்க் ஒருவர்தான். அவர் நம் பக்கம் நின்றவர்.

மஞ்சக்குப்பம் அம்மா: கீழாநெல்லியால் கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன?

நேரம் போகும், அம்மா. 1955-56இல் டெல்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைட்டிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கிருமி மாதம் ஏறிய கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேரைக்கூடக் கொண்டுபோகும். நம் ஊரில் வெள்ளம் வடிந்தபின் கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அம்மியைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். கீழாநெல்லி பற்றி இன்னும் ஒன்பது சீட்டுகள் இருக்கின்றன. படித்தேன். இனி பதில் இல்லை.

அரியாங்குப்பம் சார்: ஹெபடைட்டிஸ் சி, ஜீனோடைப் 3 என்று வந்திருக்கிறது. முற்றிய வகையா? எனக்குச் சர்க்கரையும் உண்டு.

முற்றல் இளசு இதில் இல்லை. சி கிருமியில் எட்டு மரபு வகைகள். இந்தியாவில் அதிகம் காணப்படுவது மூன்றாம் வகைதான். சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை எல்லா வகைக்கும் பொருந்தும். பெரும்பாலோருக்கு 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். தொடங்குமுன் பி கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். கிருமி குறையும்போது சர்க்கரையும் இறங்கக்கூடும். இன்சுலின் போடுபவர் என்றால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதுநகர் அக்கா: நானும் வீட்டுக்காரரும் ஒரே விரல் குத்தும் பேனாவைப் பயன்படுத்துகிறோம். ஊசியை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. காய்ந்த ரத்தத்தில் பி கிருமி ஏழு நாளாவது உயிரோடிருக்கும். பேனாவின் வாயில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துளி போதும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் இப்படித்தான் பரவியது. 2011இல் அங்கே 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்குப் பி தடுப்பூசியைப் பரிந்துரைத்ததற்கு அதுவே காரணம். ஆளுக்கொரு பேனா. (அந்த ஊசிக்கும் லான்செட் என்றுதான் பெயர். திருப்பாதிரிப்புலியூர் ஐயா கோபிக்க வேண்டாம்.)

பண்ருட்டி: பலாச்சுளை எத்தனை சாப்பிடலாம்?

உணவியல் நிபுணரிடம்.

மஞ்சக்குப்பம்: வெந்நீரில் எப்சம் உப்புப் போட்டால்?

நெல்லிக்குப்பம் சாருக்குச் சொன்னதுதான்.

நெல்லிக்குப்பம் சார், மீண்டும்: வெந்நீரை விட்டுவிட்டேன். ஷூ போட்டுத்தான் நடக்கிறேன். இனிக் காலைப் பார்க்க வேண்டியதில்லையே?

ஷூவையும் பாருங்கள், சார். போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றியபோது சோடா மூடி ஒன்று உருண்டு விழுந்தது. காலையில் பஸ் ஏறியதிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். மூடியின் பல் வரிசை அவர் பாதத்தில் வட்டமாகப் பதிந்திருந்தது. 'இது யாருடையது?' என்று என்னையே கேட்டார்.