கொட்டியாரக்குடாவும் நுண்பிளாஸ்டிக்கும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பலர் கேட்டது ஒன்றேயாக இருந்தால் சேர்த்துவிட்டேன்.

உப்புவெளி ஆசிரியை: நுண்பிளாஸ்டிக் என்று எதைச் சொல்கிறார்கள், ஐயா?

5 மில்லிமீற்றருக்குக் குறைவான எந்தப் பிளாஸ்டிக் துண்டும் அதுதான். பயறு அளவிலிருந்து கண்ணுக்கே எட்டாத தூள் வரை அதில் அடங்கும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தொம்சன் 2004இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகே இந்தச் சொல் பரவியது. நாலைந்து வருடம் கிணற்றடியில் வெயில் குடித்த வாளியை விரலால் அழுத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிரும். வாளி மக்கிப் போகவில்லை. ஒன்றாக இருந்தது ஆயிரமாகிவிட்டது. முழு வாளியை ஒரு கையால் தூக்கிவிடலாம், அந்த ஆயிரத்தை யாரால் பொறுக்க முடியும்?

மூதூர் மீனவர்: எங்கள் பக்கம் பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லை. பிறகு எப்படிக் கரையில் இவ்வளவு குப்பை?

தம்பி, மகாவலி எங்கே கடலில் விழுகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 335 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டிலும் கண்டியிலும் மக்கள் வீசியதையெல்லாம் அள்ளிக்கொண்டு உங்கள் கொட்டியாரக்குடாவுக்குத்தான் வருகிறது. மாரி மழை பெய்து ஆறு பெருகும்போது வருவது அதிகம். அதே காலத்து வாடைக்காற்று, கடலில் மிதப்பதைக் கரைக்குத் தள்ளும். நமது நகரத்து வடிகான்களும் சும்மா இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோக வேண்டாம். அறுந்த நைலோன் வலையும் கயிறும் கடலிலேயே விடப்படுகின்றன. ஒற்றை இழை நைலோனில் பின்னிய தங்கூசி வலை நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பாவனையில் இருக்கிறது. கடலடிப் பாறைத் திட்டான பாரில் சிக்கிய வலை பல வருடம் ஆமையையும் மீனையும் கொன்றுகொண்டே நூல் நூலாகத் தேய்கிறது. அந்த நூலும் நுண்பிளாஸ்டிக்தான். கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவருபவர், கடற்கரைத் துப்புரவுக்கு வரும் ஐம்பது பேரைவிட அதிகம் செய்கிறார் என்பது என் கருத்து.

நிலாவெளி விடுதி நடத்துபவர்: கப்பலில் இருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் பற்றிச் சொல்லுங்கள். நமக்கும் வருமா?

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே 20இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்தது, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதில் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள், அதாவது பிளாஸ்டிக் பொருட்கள் செய்யும் மூலப்பொருள், இருந்தன. மேற்குக் கரை வெள்ளையாகிப்போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. சில வாரங்களில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணிகள் ஒதுங்கின. எங்கோ கொட்டியது இவ்வளவு தூரம் வருமென்றால், துறைமுக ஊரான நாம் விழிப்பாகவே இருக்க வேண்டும். கரையில் பருப்பு அளவு வெள்ளை மணிகளைக் கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம். கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். மண்வெட்டியால் கிளறினால் மணி ஆழத்துக்குப் போய்விடும். மேல் மணலை மட்டும் எடுத்து அரிதட்டில் அரிக்க வேண்டும்.

கிண்ணியா தாய்: பிள்ளைகளுக்கு மீன் கொடுக்கவே பயமாக இருக்கிறது, சேர். நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம் மகள், நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். மீன் விழுங்கும் துகள்களில் பெரும்பாலானவை அதன் குடலில்தான் தங்குகின்றன. பாரை, சீலா, சூரை போன்றவற்றை நாம் எப்போதும் செவுளும் குடலும் நீக்கித்தானே கறிக்கு எடுக்கிறோம்? நெத்தலியை மட்டும் முழுதாகப் போடும் பழக்கம் இருக்கிறது. தலையைக் கிள்ளும்போதே குடலும் கூட வந்துவிடும்; பொறுமையாகச் செய்யுங்கள். மட்டி வேறு விடயம். அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், அதை நாம் வயிற்றோடு சாப்பிடுகிறோம். தம்பலகாமக் குடாவிலோ வேறெங்கோ எடுத்த மட்டியைச் சில மணி நேரம் சுத்தமான உப்புத் தண்ணீரில் விட்டால் வயிற்றிலுள்ளதில் ஒரு பகுதியைக் கக்கும்.

உப்பைப் பற்றியும் கேட்டீர்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் பல நாடுகளின் 39 வகை உப்பைப் பார்த்தபோது 36இல் துகள்கள் இருந்தன. அதற்காக எந்த உப்பை வாங்குவது என்று அலைய வேண்டாம். உப்பையே குறைத்துப் போடுங்கள். அது இரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

தம்பலகாமம் இளைஞர்: இரத்தத்திலேயே பிளாஸ்டிக் இருக்கிறது என்கிறார்கள். இது வீண் பயமுறுத்தலா?

இல்லை, ஆனால் அளந்து பயப்பட வேண்டும். 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் காணப்பட்டது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து நாடியில் கொழுப்பு அடைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எடுத்த கொழுப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் ஏற்படும் ஆபத்து மற்றவர்களைவிட நாலரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை; இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன, அவ்வளவுதான். ஆனாலும் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு கடனட்டை அளவு பிளாஸ்டிக் தின்கிறோம் என்று பரப்புகிறார்களே, அது மிகையான கணக்கு. அதைப் பகிர வேண்டாம்.

கன்னியாவிலிருந்து: போத்தல் தண்ணீர் குடித்தால் பாதுகாப்புத்தானே?

நேர்மாறு. 2024இல் அமெரிக்காவில் போத்தல் தண்ணீரை ஆராய்ந்தபோது ஒரு லீற்றரில் சராசரியாக 2,40,000 துகள்கள் எண்ணப்பட்டன. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் பிடிக்கிறது என்று குறைப்படுகிறோம் அல்லவா? அந்தச் சுண்ணாம்பு துகள்களையும் பிடித்துக்கொண்டு அடங்குகிறது. கடின நீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்தால் 90 சதவீதம் வரை நீங்கியதாகச் சீன ஆய்வாளர்கள் 2024இல் கண்டார்கள். ஆகவே கொதிக்க வையுங்கள், தெளிய விடுங்கள், அடியில் உள்ளதை ஊற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கேத்தல் மட்டும் வேண்டாம்.

நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்: லஞ்ச் சீட் இல்லாமல் பார்சல் கட்ட முடியாதே?

பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டது. சூடான சோற்றையும் எண்ணெய்க் குழம்பையும் அதில் கட்டாதீர்கள். வெப்பமும் எண்ணெயும் சேரும் இடத்தில்தான் பிளாஸ்டிக் அதிகம் உணவில் இறங்குகிறது. வாழையிலை கிடைக்கும் ஊர் இது. பாத்திரம் கொண்டுவருபவருக்குப் பத்து ரூபாய் குறைத்துப் பாருங்கள்.

சீனக்குடாவிலிருந்து: குப்பையை எரித்தால் முடிந்துவிடாதா?

முடியாது. புகையில் டயொக்சின் போன்ற நஞ்சுகள் வரும், சாம்பலிலும் துகள் மிஞ்சும். தயவுசெய்து எரிக்க வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: மனிதரை விடுங்கள், மான்களுக்கும் முருகைக் கற்களுக்கும் என்ன நடக்கிறது?

நம் கடற்கரை மான்கள் பொலித்தீன் பையோடு உணவைத் தின்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டில் தின்ற யானைகள் வயிற்றில் பிளாஸ்டிக்கோடு செத்தன. நிலாவெளிக்கு எதிரே முருகைப் பார்கள் சூழ்ந்த புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. ஆசிய பசிபிக் பகுதியின் 159 முருகைப் பார்களை ஆராய்ந்தவர்கள், பிளாஸ்டிக் படிந்தால் நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக உயர்வதாக 2018இல் எழுதினார்கள். படகில் தீவுக்குப் போகும்போது ஒரு பையும் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: நானே நுண்பிளாஸ்டிக்கைப் பார்க்க முடியுமா?

முடியும் பிள்ளை. அலை கடைசியாக விட்டுப்போன கோட்டில் ஒரு சிரட்டை மணல் எடு. கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கலக்கு. மணலைப் போட்டுக் கிளறி ஒரு மணி நேரம் விடு. மணல் அடியில் போகும். பையும் மூடியும் நைலோன் நூலும் உடைந்த துண்டுகள் மேலே மிதக்கும். தண்ணீர்ப் போத்தலின் துண்டு பாரமானது, அது மணலோடு அடியிலேயே கிடக்கும். மேலே வந்ததை வெள்ளைத் துணியில் வடித்து, பூதக்கண்ணாடியால் நிறம் நிறமாக எண்ணிக் குறித்து வை. மாரி முடிந்ததும் அதே இடத்தில் இன்னொரு சிரட்டை எடு. இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு அனுப்பு.