மூட்டுவலிக் குளிசையும் வயிற்றெரிவும்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் தாயார் முழங்கால் வலிக்காகப் பல மாதங்களாக டைக்குளோபெனாக் குளிசையும், இரத்த அழுத்தத்திற்கு லொசார்டனும் பாவிக்கிறார். இப்போது வயிறு எரிகிறது என்கிறார். சாப்பிட்ட பின் விழுங்கினால் போதுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: போதாது. டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்றவை, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரொஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்தின் இரத்தவோட்டத்தைப் பேணுவதும் அதே பொருள்தான். மருந்து இரத்தத்தில் கலந்த பின்னும் இத்தடை நீடிப்பதால், உணவோடு எடுப்பது எரிவைச் சற்றுத் தணிக்கலாமே தவிர, புண் வராமல் தடுத்துவிடாது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது லொசார்டனோடு இது சேர்வதே. இரத்த அழுத்தக் கட்டுப்பாடு தளர்வதுடன் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். போதிய தண்ணீர் குடிக்காமல் நாள் முழுவதும் மலையில் நிற்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். லொசார்டனைத் தொடரட்டும்; டைக்குளோபெனாக்கை நிறுத்தி, எல்லாக் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு விரைவில் வைத்தியரைக் காணுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இடைக்காலத்தில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் உதவலாம். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளே உச்ச அளவு. உடல் மெலிந்தவருக்கும் ஈரல் நோயுள்ளவருக்கும் அதுவும் அதிகம். பனடோலும் பரசிட்டமோலே என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள். முழங்காலில் பூசும் டைக்குளோபெனாக் களிம்பு இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால், அது பொருந்துமா என்றும் வைத்தியரிடம் விசாரியுங்கள்.