ஆங்கிலத்தில் "ரீ" என்று தொடங்கும் வினைச்சொற்களுக்கெல்லாம் "மறுபடியும்" என்றுதான் அர்த்தமா? "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் என்ன?

எல்லாவற்றுக்கும் இல்லை. கேட்டவர் புதிதாக ஆபிஸ் வேலைக்குச் சேர்ந்து, தினமும் "கைண்ட்லி ரிவர்ட்" என்று வரும் மெயில்களைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு காரணம் என்றால் மன்னிக்கவும். இந்தச் சொல்லைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

லத்தீனிலிருந்து வந்த அந்த முன்னொட்டுக்கு முதலிலேயே இரண்டு அர்த்தம் உண்டு. நம் "திரும்ப" மாதிரிதான். "திரும்பச் சொல்" என்றால் இன்னொரு தடவை சொல். "திரும்பக் கொடு" என்றால் வாங்கினதைக் கொடு. ரீரைட், ரீஃபில் எல்லாம் முதல் வகை. ரிட்டர்ன், ரீஃபண்ட், ரிவர்ட் இரண்டாவது வகை.

ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கு, பழைய ஆளிடம் திரும்பிப் போவது. ஆபிஸ் மெயில்களில்தான் அதை "பதில் எழுதுங்கள்" என்ற அர்த்தத்தில் போடுகிறார்கள். மலேசியாவில் லீஸ்ஹோல்டு வீடு, அதாவது குத்தகை நிலத்து வீடு, வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். 99 வருடக் குத்தகை முடிந்து, நீட்டிக்காமல் விட்டால் நிலம் மாநில அரசுக்கு ரிவர்ட் ஆகிவிடும். அரசு யாருக்கும் பதில் எழுதப் போவதில்லை.

கிள்ளான் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் கோலாலம்பூர் ஆபிஸில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. கட்டணத்தை ஏற்றியிருந்தோம். இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவர், "இது கட்டுப்படியாகாது, மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று எழுதியிருந்தார். மேலிடத்தில் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறோம் என்ற நினைப்பில் எங்கள் மேனேஜர் தட்டினார்: "வீ வில் ரிவர்ட் தி ரேட்ஸ் பை ஃப்ரைடே." "பாஸ், ரிப்ளை என்று போட்டுவிடலாமே" என்றேன். "மலேசியாவில் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் லா" என்று அனுப்பிவிட்டார்.

படிக்கிறவர் மலேசியாவில் இல்லையே! பழைய கட்டணத்துக்கே திரும்புகிறோம் என்றுதான் அவருக்குப் புரிந்தது. நன்றி சொல்லி, பழைய விலையைப் போட்டு அடுத்த புக்கிங்கையும் கையோடு அனுப்பிவிட்டார். எழுத்தில் கொடுத்த வாக்கு, என்ன செய்வது? அந்தச் சரக்கைப் பழைய விலைக்கே ஏற்றி அனுப்பினோம். அடுத்த மீட்டிங்கில் "கம்யூனிகேஷன் கேப்" என்று ஒரே வரியில் விஷயம் முடிந்தது. முன்கூட்டியே சொன்னவள் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சரி, விடுங்கள்.

"மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், நம் ஊர் ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பதில்தான்" என்று கீழே வந்து சண்டை போடப் போகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன். பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ எழுதும்போது தாராளமாகப் போடுங்கள், புரிந்துகொள்வார்கள். நான் ஆங்கில டீச்சரும் இல்லை. ஆனால் "ரிவர்ட் பேக்" என்று எழுதுகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

அப்புறம், உச்சரிப்பையும் கவனியுங்கள். "மறுபடியும்" என்ற அர்த்தத்தில் வந்தால் பெரும்பாலும் ரீ என்று நீட்டிச் சொல்வார்கள். ஒட்டிப்போன பழைய சொற்களில் அது ரி என்று குறுகிவிடும். காய்ச்சலிலிருந்து ரிகவர் ஆகலாம். பழைய சோபாவுக்குத் துணி மாற்றினால் அது ரீ-கவர். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் போடும் சின்னக் கோடுதான். ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட, அதாவது ரீ-சைன் பண்ண, ஆசைப்பட்டு, நடுவில் அந்தச் சின்னக் கோடு இல்லாமல் எழுதிப் பாருங்கள். அது ரிசைன், ராஜினாமா! ரிசீவ், ரிஜெக்ட் போன்றவற்றில் ரி-யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கிலத்தில் தனி வினைச்சொல்லே இல்லை. அங்கே போய் "மறுபடியும்" தேடாதீர்கள், அப்படியே மனப்பாடம்தான்.

எந்தக் குழப்பமும் இல்லாத சொல் வேண்டுமென்றால் ரீலோட். தமிழ்நாட்டில் ரீசார்ஜ் என்பார்கள், மலேசியாவில் நமக்குக் கைப்பேசிக்கும் டோல் கார்டுக்கும் ரீலோட்தான். மறுபடி ஏற்றுவது, அவ்வளவுதான். ஆனால் என் காசை என் கார்டில் ஏற்ற, பெட்ரோல் ஸ்டேஷனிலும் கடையிலும் 50 சென் கூடுதலாக வாங்கினார்களே, அது எந்த நியாயம்? கவுண்டர் பையனைக் கேட்டால் "சிஸ்டம் அப்படிக்கா" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 10 வெள்ளி (ரிங்கிட்) ஏற்றினாலும் 50 சென், 100 வெள்ளி ஏற்றினாலும் 50 சென். மாதக் கடைசியில் பத்துப் பத்தாக ஏற்றினவன்தான் அதிகம் கட்டினான். இதைப் பற்றி யாராவது ஒரு கேள்வி போடுங்கள், தனியாக எழுதுகிறேன்.