மேம்பாலம் வந்தாச்சு, குழாயில் தண்ணீர்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை சேலத்திலிருந்து வந்த கடிதங்களே அதிகம். எல்லாமே ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் சேலத்துக்காரர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈரடுக்கு மேம்பாலம், ஈரடுக்கு பஸ் ஸ்டாண்டு, ஸ்மார்ட் சிட்டி என்று சேலம் எங்கேயோ போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மழை வந்தால் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுக்கிறார்கள். இதுதான் வளர்ச்சியா?
– தறிக்காரர் வீட்டு வாசகி, அம்மாபேட்டை

பதில்: மேம்பாலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2020-ல் அதைத் திறப்பதற்கு முன்னால் சாயங்கால நேரத்தில் அஞ்சு ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். ஆனால் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி. தண்ணீர் தினமும் வந்தால் யாரும் பிடித்து வைக்கப்போவதில்லை. நாலைந்து நாளைக்கு ஒருமுறை வந்தால் டிரம், சிமென்ட் தொட்டி, குடம், அண்டா என்று எதில் பிடிக்க முடியுமோ அதிலெல்லாம் பிடித்துத்தான் ஆகவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும், சாக்கடையைத் தேடி அது போவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்பக்கச் சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் காலியாகி டிரம் காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் பொரிந்து, நம் ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைப்பது போதாது, வாரத்துக்கு ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்ற மாநகராட்சி ஆட்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாமல் உள்ளே விடுங்கள்.

இன்னொரு விஷயம், இந்தக் கொசு கடிப்பது பகலில். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க நெய்கிறவருக்கு, அந்த இருட்டுக் குழிக்குள் காலைச் சுற்றி என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவர் பத்து நாள் படுத்தால் பத்து நாளும் கூலி கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு வேறு, கடைசியில் வட்டிக்கு வாங்குகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தும் அந்த வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுவது இன்னும் நின்றபாடில்லை. காய்ச்சல் சுகாதாரத் துறையின் கணக்கு, கூலி கைத்தறித் துறையின் கணக்கு, மிரட்டல் போலீஸ் கணக்கு என்று தனித்தனி ஃபைலில் எழுதிக்கொள்கிறோம், ஆனால் மூன்றும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் நடக்கின்றன. சேலம் முன்னேறியதா என்பதை நான் அந்த வீட்டை வைத்துத்தான் பார்ப்பேன். ஊருக்குத் தண்ணீர் தரவென்று 1911-லேயே பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டியவர்கள் இருந்த இடம் இது. அந்த ஏரி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும்.

கேள்வி: கொலுசுப் பட்டறையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். என் பையன் இந்த வேலைக்கே வரமாட்டேன் என்கிறான். ஐ.டி. பார்க் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடுமா?
– வெள்ளித் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கருப்பூரில் டைடல் நியோ வந்தது நல்லதுதான். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கு ரயில் ஏறாமல் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அது உங்கள் பட்டறைக்குப் பதிலாகாது. வெள்ளி விலை ஏறினால் நகைக்கடைக்காரர் விலையைச் சேர்த்து விற்றுக்கொள்வார், கூலிக்குச் செய்கிறவருக்குக் கூலி ஏறாது, ஆர்டர்தான் குறையும். உங்கள் பையன் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்று கொஞ்சம் யோசியுங்கள். வீட்டின் முன்னறையிலேயே பற்றவைப்பு, அங்கேயே ஆசிட் கழுவல், அங்கேயே மெருகு, அதே புகையில் குழந்தைகள் படிக்கவும் வேண்டும். அவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அரியாகவுண்டம்பட்டியில் கொலுசுத் தொழிலுக்கென்றே அரசு எடுத்திருக்கும் உற்பத்திக் கூடம் போன்றவை இதனால்தான் முக்கியம்: புகை வெளியேற வழி, ஆசிட் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு, பொதுவான மெஷின். அங்கே இடம் வசதியானவர்களுக்கு மட்டும் போகாமல் கூலிப் பட்டறைக்காரர்களுக்கும் கிடைக்கிறதா என்று உங்கள் சங்கம் விடாமல் கேட்கவேண்டும்.

கேள்வி: ஒருகாலத்தில் சேலம் மாவட்டம் என்றாலே பெண் சிசுக்கொலை என்று பேப்பரில் வரும். இப்போது அந்தப் பேச்சே இல்லை. போலீஸ் கெடுபிடியாலா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, ஓமலூர்

பதில்: இல்லம்மா, போலீஸால் மட்டும் இது நடக்கவில்லை. பெற்ற தாயையும் பாட்டியையும் ஜெயிலில் போட்டு ஒரு ஊரைத் திருத்த முடியாது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பமானது சேலம் மாவட்டத்தில்தான், பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டோம் என்று அரசே சொன்னது. பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறார்கள் என்று அப்போதே எதிர்ப்பும் வந்தது, அதிலும் நியாயம் உண்டு. ஆனால் என் பார்வையில் பெரிய வேலை செய்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தை இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி கர்ப்பமாக இருந்தால், அந்த வீட்டுப் படியை அவர்கள் திரும்பத் திரும்ப மிதித்தார்கள், பிரசவத்துக்குப் பிறகும் போய் குழந்தை எடை என்ன, தடுப்பூசி போட்டாயா என்று கேட்டார்கள். யாரோ நம் குழந்தையைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கை வராது. அப்புறம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்து பெண்கள் கையில் கொஞ்சம் பணம் புழங்கியது.

இது முழுதாக முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தும், 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் தொள்ளாயிரம்கூட இல்லை. 2011-ல்தான் அதைத் தாண்டினோம். இப்போதும் ரகசியமாகச் சொல்லும் ஸ்கேன் சென்டர் எங்காவது இருப்பது தெரிந்தால் புகார் கொடுங்கள், டீச்சர். நீங்கள் சொன்னால் ஊரில் கேட்பார்கள்.

கேள்வி: எந்த ஊரை நாம் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்? சிங்கப்பூரா?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: அவ்வளவு தூரம் எதற்கு தம்பி, குஜராத்தில் இருக்கிற சூரத்தைப் பாருங்கள். நம்மைப் போலவே துணியும் சாயமும் கூலிவேலையுமாக இருக்கிற ஊர். 1994-ல், அதாவது சேலம் மாநகராட்சியான அதே வருஷம், அங்கே பிளேக் வந்தது. வெள்ளம் வடிந்த தெருக்களில் குப்பை மலைமலையாகக் கிடந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் ரயிலும் பஸ்ஸும் பிடித்து ஓடினார்கள், தறியெல்லாம் நின்றது. மறுவருஷம் எஸ்.ஆர். ராவ் என்ற அதிகாரி மாநகராட்சி ஆணையராக வந்தார். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரை ஆறு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரியைப் போட்டு, தலைமை அலுவலகத்தைக் கேட்காமலேயே செலவு செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தார். அதிகாரிகள் தினமும் காலையில் ஏ.சி. அறையை விட்டு இறங்கித் தெருவில் நிற்கவேண்டும் என்றார். முக்கிய சாலைகளை இரவில் பெருக்கினார்கள், குடிசைப் பகுதிச் சந்துகளுக்குத் தளம் போட்டார்கள், சுத்தமில்லாத ஓட்டல்களுக்கு அபராதம் போட்டார்கள். ஆக்கிரமிப்பை இடிக்கும்போது பெரிய கட்டடக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை, அதைப் பார்த்த பிறகுதான் சின்னக் கடைக்காரர்களும் நம்பினார்கள் என்பேன். இரண்டே வருஷத்துக்குள் நாட்டின் சுத்தமான ஊர்கள் பட்டியலில் சூரத் வந்தது.

சேலத்துக்கும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம் உண்டு, 60 வார்டு உண்டு. 2022-லிருந்து, வார்டு மக்கள் உட்கார்ந்து தங்கள் பகுதிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டமும் உண்டு. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேட்டீர்களா? நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள் எது, குப்பை எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது, இந்த இரண்டை மட்டும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: திருமணிமுத்தாறு எப்போது சுத்தமாகும்?
– வாசகர், குகை

பதில்: சேர்வராயன் மலையில் பிறக்கும்போது நல்ல தண்ணீராகத்தான் இறங்குகிறது. ஊருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயத் தண்ணீரும் சேர்கின்றன. கரைக்குச் சுவர் கட்டி என்ன பயன், வீட்டுக் கழிவு பாதாளச் சாக்கடைக்கும் சாயக் கழிவு சுத்திகரிப்புக்கும் போகிற அன்றைக்குத்தான் ஆறு சுத்தமாகும்.

கேள்வி: குற்றம் குறைந்துவிட்டது என்று போலீஸ் சொல்கிறது. என் மொபெட் திருடு போனதற்கு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்படி எழுதினால் குறையாதா?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: கோபப்படுவது நியாயம். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். ஆகாது. வண்டித் திருட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் எஃப்.ஐ.ஆர்.தான் கேட்பார்கள். இந்த மாதிரிக் குற்றங்களில் புகார் வந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கு எண்ணிக்கை ஒரு வருஷம் ஏறினால் உடனே ஊர் கெட்டுவிட்டது என்று எழுதும் பத்திரிகைகளும் இதற்கு ஒரு காரணம், நான் வேலை செய்யும் தொழிலையும் சேர்த்தே சொல்கிறேன். புகாரை ஒழுங்காகப் பதிகிற ஊரில் எண்ணிக்கை முதலில் ஏறத்தான் செய்யும்.

நீங்கள் செய்யவேண்டியது இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரை அப்படியே எழுதி, சி.எஸ்.ஆர். நகலையும் வைத்து, மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், வண்டியின் ஆர்.சி. நகலும் சேஸிஸ் எண்ணும் மனுவில் இருக்கட்டும்.